அடிப்பிடித்த சோற்றின் உரிமையாளர்

நிலத்தைப் பற்றி என்னிடம் எதை வேண்டுமானாலும் கேட்கலாம். ஜொகூரில் ஒரு துண்டு ரப்பர்க் காடு கைமாற எந்தப் படிவம் வேண்டும், அது எந்த மேசைக்குப் போகும், அந்த மேசைக்காரர் தேநீர் குடித்து முடிக்கும்வரை ஏன் வாய் திறக்கக்கூடாது என்பதெல்லாம் ஓய்வு பெற்று இத்தனை காலமான பிறகும் எனக்கு மறக்கவில்லை. நிலத்தில் பதிவேடுதான் கடவுள். அதில் பெயர் இருப்பவர் உரிமையாளர். இல்லாதவர், அந்த மண்ணிலேயே பிறந்திருந்தாலும், வழிப்போக்கர்.

இளம் வழக்கறிஞர்கள் சிலர் இப்போதும் என்னைத் தேடி வருவதுண்டு. நிலம், கடன், விவாகம் என்று பழகியவர்கள். திடீரென்று ஒரு கட்சிக்காரர் பாட்டுப் புத்தகத்தோடு வந்து உட்கார்ந்துவிட்டாராம். பதிப்புரிமையை எந்தக் கந்தோரில், எந்த அலுவலகத்தில், போய்ப் பார்ப்பது என்று கேட்பார்கள். எந்தக் கந்தோரிலும் இல்லை, முதலில் அதை யார் எழுதியது என்று கேளுங்கள் என்பேன். பெரிய ஞானம் என்று தலையாட்டிவிட்டுப் போவார்கள். அந்த ஞானம் எனக்குச் சட்டப் புத்தகத்திலிருந்து வரவில்லை. என் தகப்பனாரின் அந்தியேட்டியன்று, ஊரே பார்த்திருக்க, நான் நின்றுகொண்டே அவமானப்பட்டதில் தொடங்கி வந்தது.

எங்கள் ஆட்களிடம், அதாவது யாழ்ப்பாணத்திலிருந்து அரசாங்க உத்தியோகத்துக்கு மலாயா வந்தவர்களிடம், கல்வெட்டு என்றால் கல்லில் வெட்டுவது அல்ல. ஒருவர் இறந்து முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியை முடிந்ததும், அவர்மேல் பாடிய இரங்கற்பாக்களைச் சிறு புத்தகமாக அச்சடித்து, ஒருவர் எழுந்து நின்று முழுவதையும் ராகத்தோடு வாசிப்பார். பிறகு வந்தவர்களுக்கெல்லாம் ஒவ்வொரு பிரதி கொடுத்துச் சாப்பாட்டுக்கு உட்கார வைப்பார்கள். அந்தப் புத்தகம்தான் கல்வெட்டு. முதல் பக்கத்தில் இறந்தவரின் படம். அதன் பின் ஊர்ச் சிறப்பு, குலச் சிறப்பு, உத்தியோகச் சிறப்பு. அதன் பின் மனைவி புலம்பல், மக்கள் புலம்பல், மருமக்கள் புலம்பல். இத்தனை பேரின் புலம்பலையும் எழுதுகிறவர் ஒரே புலவர். மனைவி புலம்பலில் மனைவிக்கு எழுத்து வேலை எதுவும் கிடையாது. வாசிக்கும்போது அழுதால் போதும்.

அப்பா அரசாங்க ஆஸ்பத்திரியில் டிரெசராக, அதாவது மருத்துவ உதவியாளராக, இருந்தவர். அவர் இறந்தபோது நான் லண்டனில் சட்டம் படித்துத் திரும்பி, ஜொகூர் பாருவில் பெயர்ப்பலகை மாட்டி, கலியாணமும் ஆகியிருந்த புதிது. ஒரே மகன், குரலும் இருந்தது. ஆகவே வாசிக்கிற வேலை என்னுடையது. பாக்களை எழுதும் வேலையைத் தெப்ராவில் தோட்டப் பள்ளிக்கூடத்தில் படிப்பித்துவந்த எங்கள் ஊர் வாத்தியார் ஒருவரிடம் கொடுத்திருந்தோம். ஜொகூர்ப் பகுதியில் எங்கள் ஆட்கள் யார் இறந்தாலும் அவர்தான் புலவர். அச்சடித்தது பாலத்துக்கு அந்தப் பக்கம், சிங்கப்பூரில். கட்டு வந்து சேர்ந்ததே அந்தியேட்டியன்று காலையில்தான். முன்கூட்டி ஒரு தடவை வாசித்துப் பார்க்கவில்லை. ஆவணத்தைப் படிக்காமல் கையெழுத்துப் போடாதே என்று கட்சிக்காரருக்கெல்லாம் சொல்கிற ஆள் நான்.

வாடகை வீட்டின் முன் ஹாலில் ஆண்கள், உள்ளறையில் பெண்கள். ஊர்ச் சிறப்பும் குலச் சிறப்பும் நன்றாகவே போயின. உத்தியோகச் சிறப்பில் மருந்துப் போத்தல் வந்தபோது அப்பாவின் ஆஸ்பத்திரி நண்பர்கள் கண்ணைத் துடைத்தார்கள். மனைவி புலம்பலுக்கு வந்தேன்.

"அடிப்பிடித்த சோற்றையும் அமுதென்று உண்டவரே,
படிதாண்டு முன்னென்னைப் பார்த்தொருகால் நின்றவரே..."

வாய் வாசித்துக்கொண்டிருக்க, மனம் நின்றுவிட்டது. என் அப்பா அடிப்பிடித்த சோற்றை உண்டவரல்ல. சோற்றில் இலேசாகக் கருகல் மணந்தாலே தட்டை ஒரு விரலால் முன்னே தள்ளிவிட்டு எழுந்து போவார். சத்தம் போடமாட்டார். அந்த ஒரு விரல் போதும், அன்று முழுக்க வீட்டில் யாரும் பேசமாட்டோம். அப்பாவோடு வேலை செய்த ஒருவர் பக்கத்திலிருந்தவரிடம், "இது ஆரப்பா இந்த மனிசன்? நான் காணேல்லையே" என்று மெல்லச் சொன்னார். மெல்லச் சொன்னதாக அவருக்கு நினைப்பு. ஹால் முழுக்கக் கேட்டது.

உள்ளறையில் அதுவரை முறையாக அழுதுகொண்டிருந்த அம்மா, அந்த இடத்தில் முறையில்லாமல் அழத் தொடங்கினார். அந்தச் சத்தத்துக்கு நடுவே ஒரு பெண் எழுந்து வெளியே வந்தார். குளுவாங்கில் ஸ்டேஷன் மாஸ்டராயிருந்து அதற்கு முந்திய வருடம் இறந்தவரின் மனைவி. ஆண்கள் உட்கார்ந்திருந்த ஹாலைக் குறுக்காகக் கடந்து, யாரையும் பார்க்காமல், வாசலில் செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு ரயில் நிலையப் பக்கம் நடந்துவிட்டார். அந்தியேட்டி வீட்டில் இலை போடும் நேரத்தில் சாப்பிடாமல் எழுந்து போவது எங்களிடையே கன்னத்தில் அறைவது மாதிரி.

"இது அந்த ஸ்டேஷன் மாஸ்டற்ர கல்வெட்டெல்லோ" என்றார் ஒரு பெரியவர், எல்லோருக்கும் விளங்கட்டும் என்று. "நான் அங்கையும் போனனான். சோறு எனக்கு நல்லா ஞாபகம்."

"உத்தியோகச் சிறப்பை மாத்தியிருக்கினம்" என்றார் இன்னொருவர். "அங்க பச்சைக் கொடி. இங்க மருந்துப் போத்தல்."

மிச்சத்தையும் வாசித்து முடித்தேன். முடித்த பிறகு எல்லோருக்கும் ஒவ்வொரு பிரதி கொடுத்தேன். நடைமுறையில் அடுத்த படி அதுதான் என்பதைத் தவிர வேறு காரணம் எனக்குத் தோன்றவில்லை. வாங்கியவர்கள் என் முகத்தைப் பார்க்காமல் வாங்கினார்கள்.

மறுநாளே பாலம் தாண்டினேன். அச்சகக்காரர் தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர். பேச்சில் சிங்கப்பூர் ‘லா’ ஒட்டிக்கொண்ட, கோபித்துக்கொள்ளாத மனிதர்.

"சார், வாத்தியார் பழைய புக்கு ஒண்ணைக் குடுத்து, பேரையும் வேலையையும் மட்டும் மாத்துன்னாரு லா. நாங்க மாத்தினோம். நாங்க அடிக்கிறவங்க சார், அழுவறவங்க இல்ல."

"பின்னட்டையில உரிமை ரிஜிஸ்தர் செய்யப்பட்டது எண்டு போட்டிருக்கிறீங்களே. எங்க ரிஜிஸ்தர் செய்தது?"

"அது எல்லாத்துலயும் போடறது சார். கல்யாண கார்டுல கூட போடுவோம். ஒரு மரியாதை."

அதே நாள் சிங்கப்பூரில் ஒரு நண்பரின் அலுவலகத்தில் உட்கார்ந்து பதிப்புரிமைச் சட்டத்தை முதல் தடவையாகப் படித்தேன். அந்தப் பிரித்தானியப் பேரரசுச் சட்டம் ஜொகூரில் செல்லுமா என்று ஒரு நாள் முழுக்க வாதாடலாம். ஆனால் இரண்டு கல்வெட்டும் அச்சானது சிங்கப்பூரில். அங்கே அது சந்தேகமில்லாமல் செல்லும். நிலக்காரனான நான் தேடியது பதிவேட்டை. அப்படி ஒன்று தேவையே இல்லை என்றது சட்டம். எழுதிய கணத்திலேயே உரிமை பிறந்துவிடுகிறது. முத்திரையும் இல்லை, கட்டணமும் இல்லை. எழுதியவரே முதல் உரிமையாளர், சொல்லி எழுதுவித்தவர் அல்ல. சம்பளத்துக்கு இருப்பவர் தன் வேலையாக எழுதினால் மட்டும் அது எஜமானுக்குப் போகும். புகைப்படத்துக்கு மட்டும் நேர்மாறு. சொல்லி எடுப்பித்தவருக்கே அது சொந்தம். உரிமையைக் கைமாற்றக் கையெழுத்திட்ட எழுத்து வேண்டும். புத்தகத்தைக் கையில் வைத்திருப்பவருக்குத் தாளும் மையும் சொந்தம், பாட்டு சொந்தமில்லை. கணவன் நல்லவன் என்ற கருத்து ஊருக்குப் பொது. அதைச் சொன்ன சொற்கள் சொன்னவருடையவை.

படித்து முடித்தபோது எனக்கு வந்தது நிம்மதி. அதை நினைத்தால் இன்றைக்கும் காது சூடாகிறது. புலவர் எழுதியது; உரிமை புலவருடையது; ஸ்டேஷன் மாஸ்டர் குடும்பத்துக்கு அவர் எதையும் எழுதிக் கொடுத்திருக்கமாட்டார்; ஆகவே தன் பாட்டைத் தானே இரண்டாம் தடவை எடுத்துக் கொடுத்திருக்கிறார்; ஆகவே எங்கள்மேல் குற்றமில்லை. பாலத்தில் திரும்பி வரும்போது இந்தச் சங்கிலியை மனதுக்குள் இரண்டு மூன்று தடவை இழுத்துப் பார்த்தேன். எங்கும் அறுபடவில்லை.

அந்த வாரமே ஸ்டேஷன் மாஸ்டரின் மனைவி என் அலுவலகத்துக்கு வந்தார். கையில் தன் கணவரின் கல்வெட்டு.

"தம்பி, நான் சாப்பிடாமல் போனதுக்குக் குறை நினைக்காதையுங்கோ. செய்யக்கூடாத வேலை. எனக்கு ஏலாமல் போச்சு."

"நாங்களெல்லோ அக்கா மன்னிப்புக் கேக்கவேணும்."

"மன்னிப்பு வேண்டாம். அந்தப் புலம்பலைத் திருப்பி எடுக்க ஏலுமோ?"

எனக்கு விளங்கவில்லை. அவரே விளக்கினார்.

"அது என்ர மனிசனைக் கூப்பிட்டது. இப்ப வேறொரு மனிசனையும் கூப்பிட்டுக்கொண்டு ஊர் முழுக்கக் கிடக்கு. இனி ஆர் எடுத்து வாசிச்சாலும் எந்த மனிசனை எண்டு தெரியாது. அதுதான் கேக்கிறன்."

எங்கள் குடும்பம் இந்த விஷயத்தில் எதிர்த்தரப்பு. எதிர்த்தரப்புக்கு ஆலோசனை சொல்ல எனக்கு அனுமதியில்லை. வேறு வழக்கறிஞரைப் பாருங்கள் என்று சொல்லி எழுப்பி அனுப்பியிருக்கவேண்டும். நான் அதற்குப் பதிலாகச் சட்டம் முழுவதையும் அவருக்கு விளங்கப்படுத்தினேன். அவர் பின்னட்டையைத் திருப்பிக் காட்டினார்.

"ரிஜிஸ்தர் எண்டு போட்டிருக்கே, தம்பி."

"அது அச்சுக்காரர் மரியாதைக்குப் போடுறது, அக்கா. ரிஜிஸ்தர் எண்டு ஒண்டே இல்லை. முன்பக்கத்துப் படம் உங்கட. நீங்கள் சொல்லி எடுத்த படம். பாட்டு உங்கட இல்லை."

"படம் என்ர. பாட்டு என்ரயில்லை."

"ஓம். பாட்டு எழுதினவருக்குத்தான். காசு குடுத்தவைக்கு இல்லை."

"காசைப் பற்றி நான் கதைக்கேல்லை, தம்பி." கல்வெட்டை மூடி மடியில் வைத்துக்கொண்டார். "எழுதின ஆள் தன்ர பேரைச் சொல்லவேணுமோ?"

"கோட்டுக்குப் போனாச் சொல்லத்தான் வேணும். வழக்குக் கட்டில இருக்கும், எல்லாரும் பாப்பினம்."

"அப்ப சரி" என்று எழுந்தார். விளங்கிக்கொண்டுவிட்டார் என்று நினைத்தேன். தெளிவாகப் பேசினோம் என்ற திருப்திகூட இருந்தது. வாசல்வரை போய் வழியனுப்பினேன்.

அதோடு விட்டிருக்கலாம். ஆனால் கட்டு முடிச்சில்லாமல் இருந்தால் எனக்குத் தூக்கம் வராது. புலவரிடமிருந்து உரிமையை எழுத்தில் வாங்கி வைத்துக்கொண்டால் நாளைக்கு எவரும் கேட்கமுடியாது என்று ஓர் உரிமை மாற்றுப் பத்திரம் தயாரித்தேன். அப்பாவின் கல்வெட்டிலுள்ள ஒவ்வொரு பகுதியையும் பெயர் சொல்லிக் குறிப்பிட்டு, அழகாகத் தட்டச்சு செய்து, பஸ் பிடித்துத் தெப்ராவுக்குப் போனேன்.

பள்ளிக்கூடம் விட்டிருந்தது. வாத்தியார் தன் வீட்டு வாசலில் ஸ்லேட்டுகளைத் திருத்தியபடி கோரெங் பிசாங் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். எண்ணெயில் பொரித்த வாழைப்பழம். எனக்கும் ஒன்றை நீட்டினார். எங்கள் ஊர்ப் பேச்சில் வழக்கறிஞர் என்றால் அப்புக்காத்து.

"வாங்கோ அப்புக்காத்து. கல்வெட்டு எப்பிடி? ஆக்கள் அழுதவையோ?"

"ஒராள் அழுதவ. ஒராள் எழும்பிப் போனவ."

"ரெண்டும் நல்லதுதானே. நித்திரை கொள்ளேல்லை."

பத்திரத்தைக் கொடுத்தேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு, மாணவன் எழுதிய கட்டுரையைப் படிப்பதுபோல் படித்தார். மனைவி புலம்பல் என்ற இடத்தில் ஸ்லேட்டுத் திருத்தும் குச்சியாலேயே ஒரு கோடு இழுத்தார்.

"மிச்சத்துக்குக் கையெழுத்து வைக்கிறன். இதுக்கு வைக்க ஏலாது. இது நான் பாடினதில்லை."

"அப்ப ஆர் பாடினது?"

"அவதான்."

"எவ?"

"புலம்பினவ. ஸ்டேஷன் மாஸ்டற்ர மனிசி."

பழத்தை எங்கே வைப்பது என்று தெரியாமல் கையிலேயே வைத்திருந்தேன். "மேல உங்கட பேரெல்லோ இருக்கு, வாத்தியார்?"

"அப்பிடித்தான் போடச் சொல்லிக் கேட்டவ. பொம்பிளை ஒருத்தி தன்ர புருஷனைத் தானே பாடி அச்சில விட்டாள் எண்டா உங்கட சனம் சும்மா விடுமோ? அழவேண்டிய நேரத்தில எதுகை பாத்தவள் எண்டு சொல்லும். ரெண்டு இடத்தில நான் சீரை நேராக்கினனான். வேறை ஒண்டும் என்ர இல்லை."

"பிறகு ஏன் எங்கட அம்மாவுக்குப் போட்டனீங்கள்?"

"நீங்கள் அவசரம் எண்டியள். நானும் எழுதி எழுதிக் கிழிச்சன். மதியே, மணிவிளக்கே எண்டுதான் வருது. அவ எழுதினதை விட நல்லா எனக்கு வராது, தம்பி. அதைச் சொல்ல எனக்கென்ன வெக்கம்?" அவருக்கு உண்மையிலேயே வெட்கமில்லை; அந்த வெட்கமெல்லாம் என்னிடம் வந்து சேர்ந்தது. "மனைவி புலம்பல் எண்டா மனைவிமாருக்குப் பொது எண்டு நினைச்சன்."

"என்ர அப்பா ஒரு நாளும் அடிப்பிடிச்ச சோறு சாப்பிட்டதில்லை, வாத்தியார்."

"செத்தாப் பிறகு எல்லாரும் நல்லாத்தானே சாப்பிடுகினம்" என்றார்.

திரும்பும் பஸ்ஸில் அந்த இரண்டு வரியையும் மறுபடி சொல்லிப் பார்த்தேன். மதியும் மணிவிளக்கும் பாடுகிற ஒருவர் அடிப்பிடித்த சோற்றுக்கு எங்கே போவார்? எழுதியவர் யார் என்று அந்த வரியே கூவிச் சொல்லிக்கொண்டிருந்தது. நான் சாட்சியச் சட்டத்தில் நல்ல புள்ளி வாங்கியவன். எனக்குக் கேட்கவில்லை, ஏனென்றால் மனைவி புலம்பலை மனைவி எழுதுவாள் என்று எங்களில் எவருக்கும் தோன்றாது. பணம் கொடுத்தது யார், அச்சடித்தது யார், பதிவு எங்கே என்று எல்லாவற்றையும் விசாரித்தேன். எழுதியது நீங்களா என்று, எதிரே உட்கார்ந்து பேச்சிலேயே மூன்று தடவை சாடையாகக் கதவைத் தட்டிய பெண்ணிடம் மட்டும் கேட்கவில்லை. உரிமை எழுதியவருக்குத்தான் என்று அவரிடமே சொல்லி, அதைக் கேட்க வேண்டுமானால் ஊரறியப் பெயரைச் சொல் என்றும் சொல்லி அனுப்பியிருக்கிறேன்.

சட்டத்தை மறுபடி படித்தேன். முதல் தடவை, நமக்கு வேண்டாத இடம் என்று தாண்டிப்போன பிரிவுகளையும் இந்தத் தடவை படித்தேன். உரிமையை மீறி அச்சடித்த பிரதிகள் எல்லாம் உரிமையாளரின் சொத்தாகவே கருதப்படும் என்று அங்கே இருந்தது. அதாவது, என் தகப்பனாரின் படம் போட்ட கல்வெட்டு ஒவ்வொன்றும், யார் வீட்டில் இருந்தாலும், குளுவாங்கில் இருக்கிற அந்தப் பெண்ணுக்குச் சொந்தம். அவர் வழக்குப் போடமாட்டார். போடாமலே கொண்டுபோய்க் கொடுத்துவிடுவது என்று முடிவு செய்தேன்.

அம்மாவிடம் சொன்னேன். யார் எழுதியது என்பதையும் அவருக்கு மட்டும் சொன்னேன்.

"எல்லாத்தையும் குடு" என்றார். "என்ரயை நான் தரமாட்டன்."

"அம்மா, அது அப்பாவைப் பற்றினதில்லை. அப்பா எப்ப கரிஞ்ச சோறு சாப்பிட்டவர்?"

"எனக்குத் தெரியாதே? நான்தானே சமைச்சனான்." பிறகு, "நான் அழுதது அதுக்குத்தான்" என்றார்.



கொடுத்ததைத் திருப்பிக் கேட்பது எப்படியிருக்கும் என்று கேட்டுப் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். ஜொகூர் பாருவில் எங்கள் ஆட்கள் இருந்த ஒவ்வொரு வீடாக ஏறி இறங்கினேன். உண்மைக் காரணத்தைச் சொல்ல எனக்கு உரிமையில்லை. அது அவருடைய இரகசியம். அச்சுப் பிழை என்றேன்.

"என்னடா தம்பி, அப்பாவைத் திருப்பிக் கேக்கிறியோ?" என்றார் அப்பாவின் ஆஸ்பத்திரி நண்பர்.

"பிழை இருக்கு, மாமா."

"பிழை அண்டைக்கே தெரிஞ்சது. சோத்தில." உள்ளே பார்த்து மனைவிக்குக் குரல் கொடுத்தார்: "இஞ்சேரும், அப்புக்காத்து வந்திருக்கிறார். வாரண்டோட வாறதுக்கு முதல் அந்தக் கல்வெட்டைக் குடும்."

இரவல் பாட்டில் தகப்பனுக்குக் கல்வெட்டு வாசித்த குடும்பம், இப்போது அகப்பட்டதும் ஒளிக்கிறது என்று ஊர் பேசிக்கொண்டது. மறுக்கவில்லை. மறுக்க முடியாதபடி அதில் பாதி உண்மை.

ஆண்கள் எளிதாகத் தந்துவிட்டார்கள். பலருக்கு எங்கே வைத்தோம் என்றே தெரியவில்லை; தேடி எடுத்துத் தந்தார்கள். தயங்கியவர்கள் பெண்கள். ஒரு வீட்டில் தந்த பிரதியில் அந்த ஒரு பக்கத்தில் மட்டும் மஞ்சள் பட்ட விரல் அடையாளம் இருந்தது. இன்னொரு வீட்டில், "தம்பி, இந்த ஒரு ஒற்றையை மட்டும் கிழிச்சு வைச்சிருக்கட்டோ?" என்று கணவருக்குக் கேட்காதபடி கேட்டார்கள். சட்டப்படி முடியாது என்று நான் சொன்னேன். அதைச் சொன்னபோது என் முகம் எப்படியிருந்திருக்கும் என்று இப்போது நினைக்கப் பிடிக்கவில்லை.

சேர்ந்த பிரதிகளை அலுவலகத்துச் சிவப்பு நாடாவால் கட்டி, ரயிலில் குளுவாங் போனேன். அவர் தன் தம்பியின் ரயில்வே குவார்ட்டர்ஸில் இருந்தார். தம்பி வேலைக்குப் போயிருந்தார். கல்வெட்டுக் கட்டை மேசைமேல் வைத்தேன்.

"வாத்தியாரிட்டப் போனனான், அக்கா" என்றேன். அவர் முகம் மாறியது. "எனக்கும் அம்மாவுக்கும் மட்டும் தெரியும். வேறை ஆருக்கும் தெரியாது, தெரியவும் வராது. இதெல்லாம் உங்கட. அண்டைக்கு நான் சொன்னது பிழை."

"சட்டம் பிழையோ?"

"சட்டம் சரி. நான் பிழை."

நாடாவை அவிழ்த்து மேலே இருந்ததைக் கையில் எடுத்தார். "எல்லாம் இருக்கோ?"

"ஒண்டு குறையுது. அம்மா தரமாட்டன் எண்டுறா."

"ஏனாம்?"

"அந்தச் சோத்து வரிக்காக."

"உங்கட அப்பா சாப்பிட்டவரோ?"

"இல்லை. தட்டைத் தள்ளிப்போட்டு எழும்பிப் போவார்."

"இவர் தள்ளமாட்டார்" என்றார். "தட்டோட எடுத்துக்கொண்டு பின்பக்கம் போய்க் கோழிக்குப் போட்டிட்டு வருவார். நான் காணேல்லை எண்டு நினைப்பு. கோழியள் ஓடி வாற சத்தம் எனக்குக் கேக்காதே?"

"அப்ப பாட்டில..."

"பாட்டிலயாவது சாப்பிடட்டும் எண்டு எழுதினன், தம்பி." சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றது. "அம்மாட்ட அந்த ஒண்டு இருக்கட்டும். நான் தந்தது எண்டு சொல்லுங்கோ. எழுதித் தரவேணுமோ?"

என் கை அதற்குள் சட்டைப் பையிலிருந்த பேனாவுக்குப் போயிருந்தது. திருப்பி எடுத்தேன். "வேண்டாம், அக்கா. வைச்சிருக்கச் சம்மதிக்கிறதுக்கு வாய்ச்சொல் போதும்."

புறப்பட எழுந்தபோது இருக்கச் சொன்னார். ஒவ்வொரு பிரதியாக எடுத்து, அப்பாவின் படமிருந்த முதல் ஒற்றைத் தாளை அடிக்கட்டையில் விரலால் அழுத்திப் பிடித்து, பிசிறில்லாமல் கிழித்துத் தனியாக அடுக்கினார். நான் தடுக்கவில்லை, ஏன் என்று கேட்கவும் தோன்றவில்லை. முடிந்ததும் அந்த அடுக்கை என் சிவப்பு நாடாவாலேயே கட்டி நீட்டினார்.

"படம் என்ரயில்லையே" என்றார்.

வண்டி முழுக்கச் சனம். மடியில் ஒரு கட்டு நிறைய அப்பா. எல்லா ஒற்றையிலும் அதே முகம், சாப்பாட்டைப் பற்றி எந்த அபிப்பிராயமும் இல்லாத முகம். எதிரே உட்கார்ந்திருந்த ஒரு சீனர் பார்த்துவிட்டு, தேர்தலா என்று மலாயில் கேட்டார்.

வீட்டுக்கு வந்து அம்மாவின் முன் படங்களை வைத்தேன். அந்தப் பெண் சொன்னதையெல்லாம் சொன்னேன்: பிரதியை வைத்திருக்கலாம் என்பதையும், கோழியையும். அம்மா சிரிப்பார் என்று எதிர்பார்த்தேன். மேலே இருந்த படத்தை எடுத்துப் பார்த்தார்.

"அப்ப அந்த மனிசனும் சாப்பிட்டதில்லை" என்றார்.

"இல்லை."

படத்தை மற்றவற்றின் மேல் திருப்பி வைத்தார். பிறகு என்னை நிமிர்ந்து பார்த்து, குரலை உயர்த்தாமல் கேட்டார்:

"சோறு அடிப்பிடிச்சா நீ என்ன செய்யிறனீ?"

அடுப்படியில் என் மனைவி பானை தேய்த்துக்கொண்டிருந்த சத்தம் நின்றது. என் வலது கைச் சுட்டுவிரல், மேசையில், அப்பாவின் படங்களின் விளிம்பைத் தொட்டுக்கொண்டிருந்தது. அதை மெல்ல மடக்கி மடிக்குள் எடுத்துக்கொண்டேன். அடுப்படியில் சத்தம் திரும்பத் தொடங்க நெடுநேரமாயிற்று.